முருகன் குடிக்கவில்லை

இருபத்து நான்கு வயதுப் பையன் ஒருவன் பட்டப்பகலில், ஊரே பார்த்துக்கொண்டிருக்கக் கடலில் செத்துப்போகிறான். அவனைக் கொன்றது யார் என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அவசரப்பட வேண்டாம். நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. ஊரைக் கேட்டால் சாமி குத்தம் என்பார்கள். வேலை கொடுத்தவர்களைக் கேட்டால் பையன் குடித்திருந்தான் என்பார்கள். இரண்டில் எதை ஒப்புக்கொண்டாலும் பிணத்தைத் தவிர வேறு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இரண்டுக்கும் இவ்வளவு கிராக்கி இருப்பது அதனால்தான்.

மேனகாவிடம் இரண்டையும் சொல்லச் சொன்னார்கள்.

சேர்வராயன் மலையில் தலைச்சோலைக்கு அப்பால், காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஒரு குக்கிராமம் அவளுடையது. அப்பா மிளகு பறிக்க ஏறியபோது சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து செத்தார். தோட்டம் எஸ்டேட்டுக்காரருடையது, ஏணியும் அவருடையதுதான். ஆனால் படி ஒடிந்தது மாரியாத்தா எழுதிய தலைவிதி என்று ஊர் முடிவு கட்டியது. அம்மா வெள்ளையம்மாள் அதே எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போனாள். மேனகா எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் தம்பி முருகனை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். அவனுக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். பெற்றது அம்மா, வளர்த்தது அக்கா.

மழைக்காலத்தில் ஓடை பெருகும்போது எங்கே இறங்கிக் கடப்பது என்பதற்கு மலைக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. தண்ணீர் இரைச்சலிட்டு நுரை கக்குகிற இடத்தில் அடியில் பாறை இருக்கும். கால் வழுக்கினால் மண்டை உடையும். சத்தமில்லாமல் வழவழவென்று போகிற இடத்தில் அடியில் மணல். அங்கே இறங்கலாம். மேனகா விறகுக் கட்டோடும், காப்பி மூட்டையோடும், இடுப்பில் தம்பியோடும் அப்படித்தான் ஓடையைக் கடந்தாள். அந்தக் கணக்கு அவளை ஒருநாளும் கைவிட்டதில்லை.

கல்யாணமாகி, தனபால் என்ற அமைதியான மனிதனோடு அதே ஊரிலேயே குடியிருந்தாள். அவனுக்குக் கையகலக் காப்பித் தோட்டம் இருந்தது. அது போதாமல் மேனகா ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு முருகனையும் அங்கேயே தோட்டக்காரனாகச் சேர்த்துவிட்டாள்.

முருகனுக்குக் கடல் பித்து. கடலைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் பித்து. அலை மேல் பலகையில் நின்று வழுக்கிக்கொண்டு போகிறவர்களைச் செல்போனில் பார்த்துப் பார்த்து, தானும் பழக ஆரம்பித்தான். ரிசார்ட்டின் பின்பக்கம் கழற்றிப் போட்டிருந்த பழைய கதவுப் பலகையை ஓர் உருட்டுக்கட்டை மேல் வைத்து, கைகளை விரித்து ஏறி நிற்பான். கட்டை உருளும். இவன் பூப்பாத்தியில் போய் விழுவான்.

சமையல்காரன் சக்தி அடுக்களை ஜன்னலிலிருந்து கத்துவான். "டேய் முருகா! மயில வித்துப்போட்டுப் பலகை வாங்கிட்டயாடா?"

"மயிலு தண்ணியில போவாதுண்ணா!"

"நீயும்தான்டா போவல. செடிக்குள்ளதான் போற!"

சிரித்துச் சிரித்து மேனகாவுக்கு வயிறு வலிக்கும். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் காதில் கேட்கிறது என்பாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தை யாரும் நேராகப் பார்க்க முடியாது.

ஆடி மாதம். மலையில் கூட்டம் குறைந்திருந்த நேரம். பணியாளர்கள் எல்லோரையும் ஒரு நாள் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம் என்று மேனேஜர் வெங்கடாசலம் அறிவித்தார். சென்னைக்குத் தெற்கே அலைச்சறுக்குக்குப் பேர்போன ஒரு கடற்கரை. சாயந்தரம் பஸ் ஏறினால் விடிகாலையில் கடல். பகல் முழுக்க அங்கே இருந்துவிட்டு இரவே திரும்பலாம். முதலாளி அங்கே இன்னொரு ரிசார்ட் கட்டப்போகிறார். விளம்பரத்துக்குச் சில படங்களும் எடுக்க வேண்டும்.

முருகன் துள்ளிக் குதித்தான். மேனகாவுக்கு ஒரு சங்கடம். ஊரில் மாரியாத்தா நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, காப்புக் கட்டியாகிவிட்டது. கட்டிவிட்டால் நோம்பி முடிகிற வரை யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. மேனேஜரிடம் போய் நின்றாள்.

"ஏனுங்க சார், எங்கூர்ல காப்புக் கட்டியிருக்குதுங்க. ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்கலாமுங்களா?"

"ஒங்க ஆத்தாவக் கேட்டுத்தான் நான் பஸ்ஸு புக் பண்ணணுமா?"

"அப்படின்னா நாங்க ரெண்டு பேரும் வரலீங்க."

"வராதவங்க அப்புறம் வேலைக்கும் வர வேண்டாம். முதலாளி எல்லாரையும் ஒண்ணா நிக்கவெச்சுப் படம் எடுக்கணும்கிறாரு. யாரு வரல, எதுக்கு வரலன்னு நான் அவருக்குப் பதில் சொல்லிட்டு இருக்க முடியாது."

பஸ் குப்பனூர் வழியாக மலையிறங்கியது. முருகன் ஜன்னல் ஓரம். தூங்கவே இல்லை.

கடற்கரையில் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு துணிப் பதாகையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் நின்றார்கள். 'நாம் ஒரே குடும்பம்' என்று எழுதியிருந்தது. படம் எடுத்து முடிந்ததும் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. வரவேற்பறைக்காரர்களும் ஆபீஸ்காரர்களும் அலைச்சறுக்குப் பள்ளியின் ஓலைக் கொட்டகைக்குப் போனார்கள். அவர்களுக்கு உடம்போடு ஒட்டிய நீலச் சட்டை கொடுத்தார்கள். பள்ளிக்காரர் ரொனால்ட், அந்தக் குப்பத்திலேயே பிறந்தவர், அவர்களை வட்டமாக உட்காரவைத்துப் பாடம் சொன்னார். சமையல், தோட்டம், அறை சுத்தம் செய்கிறவர்கள் தூரத்தில் தார்ப்பாய் விரித்துப் புளிசாதப் பாத்திரங்களுக்குக் காவல் உட்கார்ந்தார்கள்.

முருகன் பொறுக்கமாட்டாமல் மேனேஜரிடம் போனான். "சார், நானும் கத்துக்கறனுங்க சார். ஒரே ஒருக்கா."

"கெஸ்ட்டுகிட்டப் பேசுறவங்களுக்குத்தான் கிளாஸு. நீ செடிகிட்டப் பேசுறவன். போயி உக்காரு."

நீலச் சட்டைக்காரர்கள் சிரித்தார்கள். முருகனும் கூடவே சிரித்துவிட்டுத் திரும்பி வந்தான். அவமானப்பட்ட இடத்தில் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவது அவனுக்கு வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த பழக்கம்.

"போனாப் போவுது உடு சாமி. சும்மா தண்ணியில நின்னுட்டு வரலாம் வா," என்றாள் மேனகா.

இருவரும் கரையோரமாக நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் மணலில் ஒரு சிவப்புக் கொடி நட்டிருந்தது.

"அக்கோவ், இங்கயும் கட்சிக்காரங்க வந்து கொடி நட்டுட்டாங்களாட்டம் இருக்குது!"

கொடிக்குப் பக்கத்தில் ஒரு பலகை. நல்ல பலகை, வண்ணப் பலகை. அம்புக்குறி போட்டு, படம் போட்டு, ஏழெட்டு வரி எழுதியிருந்தது. எல்லாம் இங்கிலீஷ். மேனகா தமிழ் எழுத்து எங்கே கண்டாலும் படிக்கிறவள். பொட்டலக் காகிதத்தைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவாள். அந்தப் பலகைக்கு முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தாள். படத்தில் ஒரு மனிதன் கையைத் தூக்கிக்கொண்டிருந்தான். நீந்தச் சொல்கிறானா, வரவேற்கிறானா, தெரியவில்லை.

முருகன் அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டான். கரை நெடுக அலை வெள்ளை வெள்ளையாக உடைந்து இரைந்துகொண்டிருந்தது. முதல் முறையாக அதன் முன்னால் நிற்கும்போது அவனுக்கும் கொஞ்சம் பயம் வந்தது.

"எங்க எறங்கட்டும் அக்கா?"

மேனகா பார்த்தாள். இந்தப் பக்கம் நுரை, அந்தப் பக்கம் நுரை. நடுவில் வண்டித்தடம் அகலத்துக்கு ஒரு பட்டை. அங்கே அலை உடையவில்லை. தண்ணீர் கரும்பச்சையாக, சத்தமில்லாமல், வழவழவென்று கிடந்தது.

"அங்க எறங்கு கண்ணு. அங்கதான் அமைதியா இருக்குது."

அவன் இறங்கினான். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. திரும்பி அவளைப் பார்த்துக் கைகளை விரித்து, பலகையில் நிற்கிற மாதிரி ஆடிக் காட்டினான். அடுத்து அவள் பார்த்தபோது தலை மட்டும் தெரிந்தது, எட்டத்தில். நீந்தத் தெரிந்தவன்தான். கரையைப் பார்த்து நேராக நீந்தினான். எவ்வளவு நீந்தினானோ அவ்வளவு பின்னால் போனான். மேனகா போட்ட கூச்சலில் ரொனால்ட் பாடத்தை விட்டுவிட்டுப் பலகையோடு பாய்ந்தார். அவர் போய்ச் சேரும்போது தலையும் தெரியவில்லை. தேடி எடுத்துக் கரையில் போட்டு நெஞ்சை அழுத்தினார், வாயில் ஊதினார். விட மனமில்லாமல் வெகுநேரம் செய்தார்.

பிண அறைக்கு வெளியே, சிமென்ட் பெஞ்சில், நனைந்த உடையோடு ரொனால்ட் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த எடத்துல ஏன்க்கா எறங்க விட்டீங்க?"

"அங்கதானுங்க அலையே இல்ல."

ரொனால்ட் தலையில் கைவைத்துக்கொண்டார். "அலை ஒடையாத எடந்தான்க்கா இழுக்குற எடம். கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போவ வழி வேணும்ல? அந்த வழியாத்தான் உள்ள போவும். இழுத்துச்சுன்னா கரையப் பாத்து நீந்தக் கூடாது. பக்கவாட்டுல போயிட்டா விட்டுரும். காத்தாலயே உங்க மேனேஜராண்ட சொன்னேனே, கொடிக்கு அந்தாண்ட யாரையும் விடாதீங்கன்னு."

"எங்ககிட்ட ஆரும் சொல்லலீங்க."

"கிளாஸுக்கு வந்தவங்களுக்குக்கூட மொதல்ல அதத்தான் சொன்னேன். பலகையிலயும் எழுதிப் போட்டிருக்கேன்."

"தமிழ்ல எங்கீங்க எழுதியிருக்குது?"

"வர்றவங்கள்லாம் கம்பெனிக்காரங்கக்கா. எங்க குப்பத்து ஆளுங்களுக்குப் பலகையே தேவயில்ல. தமிழ்ல எழுதணும்னு எனக்குத் தோணவே இல்ல." கெட்ட மனிதர் இல்லை அவர். உயிரைக் கொடுத்துத் தேடியவர். ஆனால் கடற்கரைக்கு யார் வருவார்கள் என்று அவர் மனதில் ஓர் உருவம் இருந்தது. அந்த உருவத்துக்கு மேனகாவின் முகம் இல்லை.

அவர் எழுந்து போனதும் வெங்கடாசலம் வந்தார். கையில் அவளுக்காக ஒரு டீ.

"மேனகா, போன உசுரு வரப்போறதில்ல. இன்ஸ்பெக்டர் கேப்பாரு. தம்பி சொந்த லீவுல கூட வந்தான், ரெண்டு பீர் போட்டிருந்தான், சொல்லச் சொல்லக் கேக்காம எறங்கிட்டான்னு ஒரு வார்த்த சொல்லிடு. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

"அவன் வாயில அதெல்லாம் வெச்சதே இல்லீங்க சார்."

"செத்தவனுக்கு என்னம்மா கௌரவம்? இருக்கறவங்க பொழைக்கணும்ல?"

"கொடியப் பத்தி ஒங்களுக்குக் காத்தாலயே தெரியுமாமுங்களே சார்?"

வெங்கடாசலம் டீயை பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மேனகா இன்ஸ்பெக்டரிடம் நடந்தது நடந்தபடி சொன்னாள். கொடியை, பலகையை, மேனேஜருக்குத் தெரிந்திருந்ததை, தான் கைகாட்டியதைக்கூட மறைக்கவில்லை. அது எடுபடவில்லை. அவளுக்கு முன்னாலேயே இரண்டு பேர், முருகன் குடித்திருந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று சொல்லி முடித்திருந்தார்கள். ஒருவன் சமையல்காரன் சக்தி. ஆம்புலன்ஸில் உடலை ஏற்றும்போது ஒரு கை பிடித்தவனும் அவன்தான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மலைக்கு வந்து சேர்ந்ததும் அடுத்த விசாரணை. காப்புக் கட்டிய ஊருக்குள் பிணம் வந்துவிட்டது என்று நோம்பியை நிறுத்தினார்கள். கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் கூடியது. ஊர்க்கவுண்டர் வெள்ளையன், மேனகாவுக்குப் பெரியப்பா முறை. அவளை நடுவில் நிற்கவைத்துக் கேட்டார்.

"காப்ப மீறி எல்லையத் தாண்டிப் போனது தப்புன்னு ஒத்துக்க கண்ணு. அதனாலதான் ஆத்தா கோவிச்சுட்டா. ஈரத்துணியோட கோயிலச் சுத்தி உழுந்து கும்புட்டுட்டீன்னா ஊரு மன்னிச்சுரும்."

"எல்லையத் தாண்டுனது நானுந்தானுங்க பெரியப்பா. ஆத்தா என்னைய எதுக்குங்க உட்டுட்டா?"

கூட்டம் சலசலத்தது.

"போன வருசம் இதே காப்புல ஒங்க மவன் திருப்பூர்ல பனியன் கம்பெனியிலதானுங்க இருந்தான்? வந்தானுங்களா?"

"அவம் பொழைக்கப் போனவன்!"

"எந்தம்பி மட்டும் நோம்பி சாப்புடவாங்க போனான்? போவலீன்னா வேலையில்லன்னாங்க. போனோம். கடலு இழுக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லல. செத்தான். இதுல ஆத்தா எங்கீங்க வந்தா?"

"பொம்பளைக்கு இத்தன வாயி ஆவாது," என்று யாரோ சொன்னார்கள். அதோடு கூட்டம் முடிந்தது. அவள் குடும்பத்தோடு யாரும் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளக் கூடாது, தோட்டத்துக்குக் கைமாத்து வேலைக்குப் போகக் கூடாது என்று தீர்ப்பானது.

அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது அம்மாவின் பேச்சைத்தான். அன்று சாயந்தரம் வெள்ளையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒத்துக்கயேன் கண்ணு. ஆத்தா எடுத்துக்கிட்டான்னா எனக்கொரு ஆறுதல் இருக்குது. தெனமும் அவளண்ட போயித் திட்டுவேன், அழுவேன். ஒரு பலகையில தமிழு இல்லாததுக்குச் செத்தான்னா நான் ஆருகிட்டப் போயி அழுவட்டும்?"

தலைமுறை தலைமுறையாக இவர்களுக்கு அழுவதற்கு மட்டும் ஓர் இடம் காட்டிவிட்டு, கேட்பதற்கு ஓர் இடமும் இல்லாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒடிந்த ஏணிக்கும் ஆத்தாதான், எழுதாத எழுத்துக்கும் ஆத்தாதான். ஆத்தாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி எத்தனை முதலாளிகள் தப்பித்திருக்கிறார்கள் என்று யாராவது கணக்கு எடுத்ததுண்டா?

ரிசார்ட்டில் அவளை மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. காப்பி பழுக்கிற காலம் வந்தது. அந்த மலையில் சின்னத் தோட்டக்காரர்கள் ஒருவர் தோட்டத்துக்கு ஒருவர் கைமாத்தாகப் போய்ப் பழம் பறித்துக் கொடுப்பதுதான் வழக்கம். அப்படிச் செய்தால்தான் பழம் வீணாகாமல் வீடு வந்து சேரும். தனபாலின் தோட்டத்துக்கு யாரும் வரவில்லை. இருவரும் விடிந்தது முதல் இருட்டும் வரை பறித்தார்கள். கண் முன்னாலேயே பழம் செடியில் கறுத்து, சுருங்கி, உதிர்ந்தது.

ஒரு காலையில் ஏழெட்டுப் பேர் கூடையோடு தோட்டத்துக்குள் வந்தார்கள். மேனகா திகைத்து நின்றாள். வெள்ளையன் பெரியப்பாவும் வந்திருந்தார். "டீத்தண்ணி வெய்யி கண்ணு," என்றார் ஒன்றுமே நடக்காத மாதிரி.

அவள் தனபாலைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"என்ன பண்ணுன?"

"நேத்து ஈரத்துணி கட்டிக் கும்புட்டுட்டேன்."

"ஆரு பேரச் சொல்லி?"

"உம் பேரத்தான். தப்புத்தான்னு சொல்லிட்டேன். வேற என்ன பண்ணச் சொல்ற என்னைய? பாதிப் பழம் மண்ணுல கெடக்குது."

அவள் அவனைத் திட்டவில்லை. வீட்டுக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்து, வந்தவர்களுக்கு டீ போட்டாள். தம்பி மேல் பழி சுமத்தியவர்களுக்குத் தன் கையாலேயே டீ கொடுத்தாள். அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் பழம் பறித்தபடியே அவர்கள் பேசிக்கொண்டார்கள். மேனகா ஒத்துக்கிட்டா. ஆத்தா குத்தந்தான்.

ஆக இரண்டு பொய்களும் ஜெயித்துவிட்டன. ஸ்டேஷனில் முருகன் குடிகாரன். ஊரில் முருகன் தெய்வக் குற்றவாளி. அவன் வெறுமனே கடல் பார்க்க ஆசைப்பட்ட ஒரு தோட்டக்காரன் என்பது மேனகா ஒருத்திக்குத்தான் தெரியும். டீ டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவள் ரொனால்டுக்குப் போன் செய்தாள்.

"பலகையில தமிழ்ல எழுதிட்டீங்களா?"

"எழுதணும்க்கா. அனுமதி கேட்டிருக்கேன். சீசன் வரட்டும்."

"நாளைக்கும் கேப்பேனுங்க," என்றாள். மறுநாளும் கேட்டாள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போதெல்லாம் அவர் பல நாள் போனை எடுப்பதில்லை.

ஒருத்தி கேட்டால் எடுக்காமல் இருக்கலாம். எல்லோரும் கேட்டால்? அடுத்த முறை நீங்கள் கடற்கரைக்குப் போகும்போது எச்சரிக்கைப் பலகையைத் தேடிப் பாருங்கள். அதில் தமிழ் இல்லையென்றால் தண்ணீரில் கால் வைக்கும் முன் படம் பிடித்து அந்த மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். பதில் வருகிறவரை விடாதீர்கள். பிறகு உங்களோடு வந்திருக்கும் ஓட்டுநரையும், சமையல் செய்கிறவரையும், குழந்தையைப் பார்த்துக்கொள்கிற பெண்ணையும் பக்கத்தில் கூப்பிட்டு, அலை உடையாத அந்தப் பச்சைப் பட்டையைக் கைகாட்டி, அங்கே இறங்கக் கூடாது என்று அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் குளிக்கப் போங்கள்.